கோடைக் கண்காட்சியும் முந்நூறு மணி நேரமும்

கோடை விடுமுறை தொடங்கியதும் நாட்டின் பல நகரங்களிலுள்ள அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் சுறுசுறுப்படைகின்றன. சிறுவர்களுக்கான ஓவிய வகுப்புகளும் களிமண் வேலைப் பயிற்சிகளும் நடைபெறுகின்றன. தனி அறைகளில் சிறப்புக் கண்காட்சிகள் அமைக்கப்படுகின்றன. 1977ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கொண்டாடப்பட்டு வரும் பன்னாட்டு அருங்காட்சியக நாளும் மே 18ஆம் தேதியன்று இக்காலத்திலேயே வருகிறது. ஆண்டின் பிற மாதங்களில் அருங்காட்சியகத்தின் வாயிலை மிதிக்காத குடும்பங்கள் கூட கோடையில் அங்கு வருகின்றன.

ஆனால், பார்வையாளர்கள் பெருகும் இப்பருவமே கலைப்பொருட்களுக்குச் சோதனையான பருவமும் ஆகும். வெப்பம், வறட்சி, தூசி, அனைத்திற்கும் மேலாகக் கடும் ஒளி ஆகியவை ஒருங்கே தாக்குகின்றன. மக்களுக்குக் காட்டுவது அருங்காட்சியகத்தின் கடமை. பொருளைக் காப்பதும் அதன் கடமையே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடம் கோடைக் கண்காட்சி. இந்த மோதலுக்கு அறிவியல் அடிப்படையில் ஒரு தீர்வு உண்டு. பெரும் செலவின்றி, முறையான கணக்கைக் கொண்டு அதனைச் செயற்படுத்த இயலும்.

வட்டாரக் கூடங்களின் செல்வம்

இந்தியாவின் கலைச் செல்வம் முழுவதும் தலைநகரங்களில் குவிந்திருக்கவில்லை. வாரணாசியில் ராய் கிருஷ்ணதாஸ் 1920ஆம் ஆண்டில் நிறுவிய பாரத் கலா பவன், 1950ஆம் ஆண்டு முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக விளங்குகிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் லாகூர் அருங்காட்சியகத்தின் சேமிப்பு 1948ஆம் ஆண்டில் பங்கிடப்பட்டபோது, அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவுக்குக் கிடைத்தது. அப்பொருட்களுக்கு நிலையான இருப்பிடமாக அமைந்தது சண்டிகரில் 1968ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அரசு அருங்காட்சியகமும் கலைக்கூடமும் ஆகும்.

இமயமலைச் சாரலில், ராவி ஆற்றங்கரையில் உள்ள சம்பா நகரின் பூரி சிங் அருங்காட்சியகம் இவ்வகையில் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. இது 1908ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. அப்போதைய அரசர் பூரி சிங் தம் குடும்பச் சேமிப்பிலிருந்த ஓவியங்களை இதற்கு வழங்கினார். பண்டைய சாரதா எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பகாரி பாணிச் சிற்றோவியங்களும் இங்குள்ளன. அவற்றோடு புகழ்பெற்ற சம்பா ருமால்களும் காக்கப்பட்டு வருகின்றன.

ருமால் என்பது சதுரமான துணி. கையால் நெய்த பருத்தித் துணியின்மேல் முறுக்கேறாத பட்டு நூலால் பூவேலை செய்யப்படும். பெரும்பாலும் சிற்றோவியம் தீட்டும் ஓவியர்களே கரிக்கோட்டால் உருவங்களை வரைந்து கொடுப்பர். பெண்கள் அவற்றைத் தைத்து நிரப்புவர். துணியின் இரு புறமும் ஒரே தோற்றம் தரும் வகையில் தையல் அமையும். திருமணச் சீர்வரிசைகளையும் தெய்வப் படையல்களையும் மூடுவதற்கு இத்துணிகள் பயன்பட்டன. கண்ணனின் ராசலீலை இவற்றில் மிகுதியாக இடம்பெறும் காட்சி. வீட்டுப் பெண்களின் கைத்திறன் அரசவை ஓவியத்துடன் கைகோத்த அரிய கலை இது.

ஆயினும் இந்த ருமாலும் அதே கூடத்திலுள்ள கல்வெட்டும் ஒளியின் முன் ஒரே நிலையில் இருப்பவை அல்ல.

ஒளி செய்யும் வேலை

ஒளி என்பது ஆற்றல். சாயத்தின் மீதும் நார்ப்பொருளின் மீதும் அது படும்போது வேதி மாற்றங்கள் நிகழ்கின்றன. சாயம் மங்குகிறது, பட்டு இழை வலுவிழந்து நொறுங்குகிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. அவற்றை வடிகட்டிவிட்டாலும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் கேடு செய்யவே செய்கிறது.

இக்கேட்டிற்கு இரு இயல்புகள் உண்டு. ஒன்று, அது சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே போவது. பொருளை இருட்டறையில் வைத்தால் மங்கல் நிற்கும். ஏற்கெனவே மங்கிய நிறம் திரும்பாது. மற்றொன்று, ஒளியின் அளவும் அது படும் நேரமும் சேர்ந்தே கேட்டினை நிர்ணயிக்கின்றன என்பது. 50 லக்ஸ் ஒளியில் 10 மணி நேரம் வைப்பதும், 500 லக்ஸ் ஒளியில் 1 மணி நேரம் வைப்பதும் ஏறத்தாழ ஒரே விளைவைத் தரும். எனவேதான் இது 'லக்ஸ்-மணி' என்னும் அலகால் கணக்கிடப்படுகிறது.

இந்த அடிப்படையில் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 2004ஆம் ஆண்டில் அருங்காட்சியகப் பொருட்களை நான்கு வகையாகப் பிரித்து வரம்புகளைப் பரிந்துரைத்தது. கல், பெரும்பாலான உலோகங்கள், மட்பாண்டம் ஆகியவை ஒளியால் பாதிக்கப்படாத வகையைச் சேர்ந்தவை. எண்ணெய் வண்ண ஓவியங்கள், தந்தம், சாயமேற்றாத மரம் போன்றவற்றுக்கு 200 லக்ஸ் ஒளியும், ஆண்டுக்கு 6,00,000 லக்ஸ்-மணியும் உச்ச வரம்பு. சிற்றோவியங்கள், நீர்வண்ண ஓவியங்கள், சுவடிகள் முதலியவற்றுக்கு 50 லக்ஸ் ஒளி. ஆண்டுக்கு 1,50,000 லக்ஸ்-மணி. பட்டுத் துணிகளும் எளிதில் மங்கும் சாயங்களும் நான்காம் வகையில் அடங்கும். இவற்றுக்கும் 50 லக்ஸ் ஒளியே வரம்பு எனினும், ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி மட்டுமே அனுமதிக்கப்படுகிறது.

இவ்வரம்புக்குள் இருந்தால் மங்கலே நிகழாது என்பது பொருளன்று. மங்கல் பல பத்தாண்டுகளுக்குப் பரவி, மெல்ல நிகழும் என்பதே பொருள்.

முந்நூறு மணி நேரக் கணக்கு

15,000 லக்ஸ்-மணியை 50 லக்ஸால் வகுத்தால் கிடைப்பது 300 மணி நேரம். நாள்தோறும் 7 மணி நேரம் திறந்திருக்கும் கூடத்தில் இது ஏறத்தாழ 43 நாட்கள். வார விடுமுறையையும் சேர்த்தால் 7 வாரங்கள். பல மாநிலங்களில் பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறத்தாழ இதே அளவினது. ஒரு பட்டு ருமாலுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய காட்சி நேரம் முழுவதும் ஒரு கோடைக் கண்காட்சிக்குச் சரியாகிவிடுகிறது.

இந்த ஒற்றுமை தற்செயலானதே. எனினும் நிர்வாகத்திற்குப் பெரிதும் பயன்படக்கூடியது. ஆண்டு முழுவதும் ருமாலைச் சுவரில் தொங்கவிட்டு, ஆளில்லாத அறையில் அதன் நிறத்தைச் செலவழிப்பதைவிட, மக்கள் கூடும் ஏழு வாரங்களில் காட்டிவிட்டு எஞ்சிய காலம் இருட்டில் ஓய்வெடுக்க விடுவதே சிக்கனம். ஆண்டு முழுவதும் ஒரு ருமாலாவது காட்சியில் இருக்க வேண்டுமெனில் அதற்கும் வழி உண்டு. ஆண்டுக்கு 300 நாட்கள், நாளொன்றுக்கு 7 மணி என்றால் 2,100 மணி நேரம். ஏழு ருமால்களை முறைவைத்து மாற்றினால் ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள்ளேயே இருக்கும்.

கணக்குத் தவறினால் நேரும் இழப்பையும் கருத வேண்டும். சன்னலோரம் 500 லக்ஸ் ஒளி விழும் இடத்தில் வைத்தால் ஓராண்டுப் பங்கு 30 மணி நேரத்தில், அதாவது நான்கைந்து நாட்களில் தீர்ந்துவிடும். நண்பகல் நேர வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அத்தகைய வெயில் ஒரு மணி நேரம் நேராக விழுமானால், ஆறரை ஆண்டுகளுக்கும் மேலான பங்கு ஒரே நாளில் கரைந்து போகும்.

குளிர்சாதன வசதியில்லாத மாவட்டக் கூடங்களில் இவ்வாபத்து மிக எளிதாக நேரக்கூடியது. மே மாத வெப்பத்தில் பார்வையாளர் படும் துன்பத்தைக் கண்டு ஊழியர் சன்னல்களைத் திறந்துவிடுகிறார். காற்றோடு வெயிலும் தூசியும் உள்ளே வருகின்றன. நல்லெண்ணத்தால் செய்யப்படும் செயலே பொருளுக்குக் கேடாகிறது.

வறட்சியும் ஈரமும்

வட இந்தியச் சமவெளிகளில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் செல்கிறது, காற்று வறண்டுவிடுகிறது. மரம் சுருங்குகிறது, அதன்மேல் பூசிய வண்ணம் செதிலாக உதிர்கிறது. சில வாரங்களில் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் துணியிலும் தாளிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆகவே, ஒளிப் பங்கு எஞ்சியிருந்தாலும், மழை தொடங்குமுன் கோடைக் கண்காட்சியை முடித்துப் பொருட்களைப் பாதுகாப்பாக எடுத்து வைப்பது நலம்.

நிலையான வெப்பத்தைவிட அடிக்கடி மாறும் வெப்பநிலையே மிகுந்த கேடு தரும். பகலில் குளிர்சாதனத்தை இயக்கி, அலுவலக நேரம் முடிந்ததும் நிறுத்தும் வழக்கம் பொருட்களை நாள்தோறும் விரிந்து சுருங்கச் செய்கிறது. மின்செலவு கட்டுப்படியாகாத கூடங்களில், தடித்த சுவர்களைக் கொண்ட உள்ளறையைத் தேர்ந்தெடுத்து, மூடிய கண்ணாடிப் பேழைகளில் பொருட்களை வைப்பது இதனினும் சிறந்தது.

யாருக்கான கோடை?

கண்காட்சியின் காலத்தைத் தீர்மானிக்கும்போது உள்ளூரின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். இமயமலைப் பகுதியில் பல பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை குளிர்காலத்திலேயே வருகிறது. கோடையில் அங்கு வருவோர் பெரும்பாலும் சமவெளியிலிருந்து குளிர்ச்சியைத் தேடி வரும் பயணிகள். டல்ஹௌசி போன்ற மலை வாழிடங்களுக்கு வருவோரில் ஒரு பகுதியினர் சம்பாவுக்கும் வருகின்றனர். அவர்களுடைய வருகை வரவேற்கத்தக்கதே. ஆனால், 300 மணி நேரமும் அவர்களுக்கே செலவாகிவிட்டால், அந்த ருமாலைத் தைத்த பெண்களின் கொள்ளுப்பேத்திகள் வகுப்பறையில் இருக்கும்போதே கண்காட்சி முடிந்து போகும்.

எனவே காட்சி நேரத்தைப் பங்கீடு செய்யும் பொறுப்பு காப்பாட்சியருக்கு உண்டு. மொத்த நேரத்தில் ஒரு பகுதியை உள்ளூர்ப் பள்ளிகளுக்கென முன்கூட்டியே ஒதுக்கலாம். கல்வித்துறையுடன் கலந்து, ஊராட்சிப் பள்ளிகளின் வருகைக்கு நாட்களைக் குறிக்கலாம். இன்றும் அத்தையல் வேலையைச் செய்துவரும் பெண்கள் பழைய ருமால்களை அருகிலிருந்து காணவும் ஏற்பாடு செய்யலாம். பழைய வேலைப்பாட்டின் நுட்பத்தைக் கண்டறிய அவர்களுக்கு வேறு பாடநூல் இல்லை.

கூடத்திற்கு வர இயலாத கிராமங்களுக்குக் கண்காட்சியே செல்லும் முறையும் நாட்டில் முன்பே உண்டு. கொல்கத்தாவிலுள்ள பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965ஆம் ஆண்டில் நடமாடும் அறிவியல் கண்காட்சியைத் தொடங்கியது. கலைப்பொருட்களைப் பொறுத்தவரை, மூலப் பொருட்களை அனுப்பாமல் தரமான நகல்களையும் புதிதாகத் தைத்த மாதிரிகளையும் அனுப்புவதே தக்கது. நகலைத் தொட்டுப் பார்க்கலாம். புரட்டிப் பின்புறத் தையலையும் காணலாம். மூலத்தால் தர இயலாத பயன் இது.

செய்யத்தக்கவை

சிறிய கூடங்களும் மேற்கொள்ளத்தக்க நடவடிக்கைகள் சில உண்டு.

முதலாவதாக, ஒளிமானி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பேழையிலும் விழும் ஒளியைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அளந்து பதிவு செய்தல்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பொருளின் பதிவேட்டிலும் 'காட்சி நேரம்' என ஒரு பத்தியைச் சேர்த்தல். எந்த ஆண்டில் எத்தனை மணி நேரம், எத்தனை லக்ஸ் ஒளியில் காட்டப்பட்டது என்பது அடுத்து வரும் அலுவலருக்குத் தெரிய வேண்டும். காப்பாட்சியர் மாறலாம், கணக்கு தொடர வேண்டும்.

மூன்றாவதாக, எளிதில் மங்கும் பொருட்களின் பேழைகளைத் துணித் திரையால் மூடி, பார்வையாளரே விலக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மூடச் செய்தல். இதனால் பொருள் உண்மையில் பார்க்கப்படும் நிமிடங்கள் மட்டுமே செலவாகும். கூடம் பெருக்கப்படும் நேரத்திலும் விளக்குகள் எரியத் தேவையில்லை.

நான்காவதாக, வாயிலிலிருந்து உள்ளறை வரை ஒளியைப் படிப்படியாகக் குறைத்தல். வெயிலிலிருந்து நேரே வருபவருக்கு 50 லக்ஸ் இருட்டாகவே தோன்றும். ஒளியால் கெடாத கல்வெட்டுகளையும் சிலைகளையும் முன் கூடத்தில் வைத்தால், அவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் கண் பழகிவிடும். ஒளி ஏன் குறைக்கப்பட்டுள்ளது என்பதை உள்ளூர் மொழியில் பெரிய எழுத்துகளில் விளக்குவதும் அவசியம்.

ஐந்தாவதாக, கண்காட்சியைச் சிறிதாக அமைத்தல். வைப்பறைகளில் உள்ள அனைத்தையும் ஒரே கோடையில் காட்ட முயல்வதைவிட, ஒரு பொருளைப் பற்றி இருபது முப்பது எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்து காட்டுவது மாணவர் மனத்தில் நிற்கும். அடுத்த கோடைக்கு வேறு பொருள். அதற்கடுத்த கோடைக்கு மற்றொன்று. இவ்வாறு சில ஆண்டுகளில் சேமிப்பு முழுவதும் மக்கள் பார்வைக்கு வந்துவிடும்.

அருங்காட்சியகத்தின் வெற்றி பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. ஆண்டறிக்கையில் அந்த எண்ணுக்கு இடமுண்டு. செலவான ஒளிக்கு இடமில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் பதியப்படுமானால், எந்தப் பொருள் யாருக்காக எவ்வளவு செலவிடப்பட்டது என்பது விளங்கும். ஒரு ருமாலின் சிவப்பும் மஞ்சளும் இத்தலைமுறைக்கு மட்டும் உரியவை அல்ல. இந்தக் கோடையில் காணும் சிறுமி, தன் மகளையும் அழைத்து வந்து அதே நிறங்களைக் காட்ட இயல வேண்டும். ஆண்டுக்கு முந்நூறு மணி நேரம் என்னும் கணக்கு அதற்காகவே வகுக்கப்பட்டது.