மூச்சுக்காக மேலே வரும் நீர்மூழ்கி

புளியங்குளத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "முதலாம் உலகப் போரில் வந்த எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பலின் கதை எங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் எங்கள் கடலுக்கு வந்தனவா?"

வந்தன. அவற்றுள் ஒன்று யு-168. 1943 ஜூலையில் பிரான்ஸின் லோரியான் துறையிலிருந்து, ஹெல்முட் பிக் தலைமையில் புறப்பட்டது. ஒக்டோபரில் பம்பாய்க்கு அப்பால் ஹைசிங் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, ஜப்பானியர் வசமிருந்த பினாங்கில் தரித்தது. 1944 பெப்ரவரியில் இலங்கைக்குத் தென்மேற்கே சால்வைக்கிங் என்ற பிரித்தானிய மீட்புக் கப்பலும் அதற்குப் பலியானது.

இந்த இயந்திரத்தில் என்னை விடாமல் பிடித்திருப்பது அதன் மூச்சுத்தான். டீசல் இயந்திரத்துக்குக் காற்று வேண்டும். நீருக்கடியில் அது ஓடாது. அங்கே பற்றரியில் ஓடும் மோட்டார்தான் துணை. பற்றரி தீர்ந்தால் மேலே வந்து, டீசலை ஓட்டி, மறுபடி மின்னேற்ற வேண்டும். போரின்போது வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சுற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். நீர்மூழ்கியின் நிலையும் அதுதான். மேற்பரப்பில் சுமார் 25,000 கிலோமீற்றர் போகக்கூடிய இவ்வகைக் கலம், மூழ்கிய நிலையில் மெதுவாகப் போனாலும் 117 கிலோமீற்றரைத் தாண்டாது. புளியங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும் தூரம், அவ்வளவே.

ஆகவே பயணத்தின் பெரும்பகுதி மேற்பரப்பில்தான். முடிவும் அங்கேதான் வந்தது. 1944 ஒக்டோபர் 6 காலை, ஜாவாக் கடலில் சுரபாயாவை நோக்கி மேலே ஓடிக்கொண்டிருந்த யு-168ஐ, நீருக்கடியில் காத்திருந்த ஸ்வார்ட்விஷ் என்ற டச்சு நீர்மூழ்கி டோர்ப்பிடோவால் தாக்கியது. 23 பேர் இறந்தனர். 27 பேர் தப்பினர்.

அதே ஜாவாக் கடலில் 1942இல் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களைத் தேடி 2016இல் இறங்கிய சுழியோடிகள், கப்பல்கள் கிடந்த இடத்தில் பெரும்பாலும் வெறும் பள்ளங்களையே கண்டார்கள். பழைய இரும்புக்காக யாரோ அறுத்தெடுத்துவிட்டார்கள். மாலுமிகளோடு மூழ்கிய கப்பல் ஒரு துயிலுமிடம். எந்த நாட்டவர், எந்தப் பக்கம் நின்று போரிட்டார் என்ற கணக்கு அங்கே செல்லாது. மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அப்படித்தான். 1942 ஏப்ரலில் அதோடு முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கல்லறைகள் இடிக்கப்படும் வலியை வன்னியில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அதனால் அந்தக் கப்பல்களில் ஓர் ஆணியைக்கூடத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கடமை நமக்கே முதலில் உண்டு.