கோணமலைக் கோட்டையிற் கற்கள் கூறும் கதை

திருகோணமலை நகரிலிருந்து கிழக்கே நோக்குவோர்க்குக் கடலினுள் நீண்டு கிடக்கும் குன்றம் ஒன்று தோன்றும். அதன் மூன்று புறமும் கடல். ஒரு புறம் மட்டுமே ஊர். ஊரோடு இணையும் அக்குறுகிய நிலத்தை மறித்து ஒரு மதில் நிற்கின்றது. அதுவே பிறெடரிக் கோட்டை. குன்றின் உச்சியிற் கோணேசர் கோயில் விளங்குகின்றது. கோயிலுக்குச் செல்வோர் யாவரும் கோட்டை வாயிலினூடாகவே செல்லுதல் வேண்டும். எனினும், பூசைக்கு நேரமாகிவிடுமோ என்று விரைந்து செல்லும் நம்மிற் பலர் அவ்வாயிலை நின்று நோக்குவதில்லை. நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இங்கே கோட்டைக்குள்ளே கோயில் எழுந்ததன்று. கோயிலைக் கொண்டே கோட்டை எழுந்தது.

கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளின் முன்னரே இம்மலை புகழ்பெற்ற சிவதலமாக விளங்கியது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இதனைப் பதிகத்தாற் பாடினார். அவர் ஈழத்துக்கு எழுந்தருளவில்லை. இராமேச்சரத்தில் இருந்தவாறே கோணமாமலையைப் பாடினார் என்பர். பின்னர் அருணகிரிநாதரும் இத்தலத்துக்குத் திருப்புகழ் பாடினார். கோயிலுக்குத் திருப்பணி செய்து வயலும் குளமும் வகுத்த குளக்கோட்டன் புகழைக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் பேசுகின்றது. நிலாவெளியிலே கிடைத்த பழந்தமிழ்க் கல்வெட்டு, கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் உரித்தாக்கப்பட்டதைக் குறிக்கின்றது. ஆதலின் இது சிறு கோயிலன்று. பெருஞ்செல்வமும் பெருஞ்சிறப்பும் உடைய கோயில் என்பது தெளிவு.

அயல்நாட்டார் இவ்விடத்தை நாடியமைக்குக் காரணம் மலையன்று. அதன் அயலிலுள்ள துறைமுகமே. வங்கக் கடலின் மேலைக் கரையிலே வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது பெரிய மரக்கலங்கள் அஞ்சாது தங்குதற்கேற்ற இயற்கைத் துறைமுகம் அரிது. சோழமண்டலக் கரையிற் போர் புரிந்த கப்பற்படைகள் புயற்காலத்திற் புகலிடமின்றி அல்லற்பட்டன. திருகோணமலையோ ஆழமும் அகலமும் உடையது, மலைகளாற் சூழப்பட்டது, எக்காற்றுக்கும் அசையாதது. ஆகவே, இத்துறைமுகத்தை ஆள்பவன் அக்கடலை ஆள்வான் என்று ஐரோப்பியர் கணக்கிட்டனர். உட்டுறைமுக வாயிலைக் காக்க ஒஸ்ரன்பேர்க் கோட்டை அமைந்தது. ஊரையும் வெளிக்குடாக்களையும் காக்கக் கோணமலைக் கோட்டை அமைந்தது.

1620களிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சா கோயிலைத் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டுவித்தான். கற்களைப் புதிதாக வெட்டிச் சுமக்கும் துன்பம் அவனுக்கு இருக்கவில்லை. கருங்கல்லிற் செதுக்கிய தூண்களும் படிகளும் மலைமேல் ஆயத்தமாக நின்றன. அழிப்பும் ஆக்கமும் ஒரே வேலையாயின.

அவ்வேலையின் சான்று இன்றும் கோட்டை வாயிலில் இருக்கின்றது. வாயில் நிலைக் கல்லொன்றிலே இணைக்கயற் சின்னமும் சிதைந்த தமிழெழுத்துக்களும் காணப்படுகின்றன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் பிரிப்பர் என்னும் கருத்துடைய செய்யுளொன்றின் பகுதியே அஃது என்பது வழிவழி வந்த கருத்தாகும். அதே வாயிலின் மேலே ஆங்கிலேய அரசின் இலச்சினை பொறிக்கப்பட்டிருக்கின்றது. மேலே வென்றவன் முத்திரை. கீழே தோற்றவன் எழுத்து. கல்லைக் கொண்டுசென்றவர்க்கு அதிலுள்ள தமிழை வாசிக்கத் தெரிந்திருந்தால், அதனை வாயிலிலே வைத்திருப்பார்களோ என்று நாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இவ்வாறு கட்டிய கோட்டை கட்டியவர்க்கு நெடுநாள் உதவவில்லை. இருபது ஆண்டு நிறையுமுன், 1639ஆம் ஆண்டிலே, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பாடு செய்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஒல்லாந்தரே அதனைப் புதுக்கி அமைத்தனர். 1782ஆம் ஆண்டு தையிலே ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர். அவ்வாண்டு ஆவணியிலே பிரெஞ்சுத் தளபதி சுவ்ரேன் அவர்களிடமிருந்து பறித்தான். சமாதானத்தின்பின் அது மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டு மறுபடியும் பெற்றனர். 1803ஆம் ஆண்டிலே தம் அரசகுமாரர் ஒருவரின் பெயரால் அதற்குப் பிறெடரிக் கோட்டை என்று பெயரிட்டனர். ஓராண்டினுள்ளே இருமுறை கைமாறிய இக்கோட்டையை எவரும் அசையாத அரண் என்று கூறத் துணியார்.

வாயிலைக் கடந்து மேலே நடப்போம். இருமருங்கும் நிழல்மரங்கள், அவற்றின்கீழ்ப் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாது மேய்கின்றன. பிற்காலத்திலே வெலிங்டன் பிரபு எனப் பெயர்பெற்ற ஆதர் வெல்லெஸ்லி 1801ஆம் ஆண்டளவிலே தங்கிய வீடென்று ஒரு வீட்டைக் காட்டுவர். கோட்டையுள் இன்றும் படையினர் தங்கியுள்ளனர். உச்சியை அடைந்ததும் இராவணன் வெட்டு என வழங்கும் மலைப்பிளவு கீழ்நோக்கிக் கடல்வரை இறங்குகின்றது. குனிந்து பார்ப்போர்க்குத் தலை சுற்றும்.

உச்சியிலே ஒரு தூணும் உண்டு. பிரான்சினா வான் றீட் என்னும் ஒல்லாந்த மங்கையின் நினைவாக 1687ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட எழுத்துக்கள் அதில் உள்ளன. காதலன் கைவிட்டுச் செல்ல, அவள் இம்மலையிலிருந்து கடலிற் பாய்ந்தாள் என்று கதை கூறுவர். கதை எவ்வாறாயினும், தூண் பழைய கோயிற்றூண். ஒல்லாந்தரின் துயரத்தைத் தாங்குதற்கும் கோணேசர் கோயிற் கல்லே வேண்டியிருந்தது.

கோயில் இடிந்தபின் இம்மலையில் வழிபாடு நின்றுவிட்டதோ என்று இளைஞர் வினாவலாம். நிற்கவில்லை. கோயிலில்லாத மலையுச்சியிலே அந்தணர் ஒருவர் நின்று கற்பூரங் கொளுத்திக் கடலை நோக்கிப் பூசை செய்ததையும், அடியார்கள் பழமும் பூவும் அலைகளிற் சொரிந்ததையும் ஆங்கிலேயர் காலத்தில் வந்தோர் எழுதிவைத்துள்ளனர். விக்கிரகமில்லை, விமானமில்லை, கடலே கருவறையாயிற்று. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அவ்வழிபாடு அறாது நடந்தது.

1950ஆம் ஆண்டிலே நகரிற் கிணறு தோண்டியபொழுது, அன்று அஞ்சிப் புதைத்த ஐம்பொன் விக்கிரகங்கள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தரும் உமையம்மையும் சந்திரசேகரரும் மண்ணிலிருந்து எழுந்தருளினர். 1952ஆம் ஆண்டிலே அவை மலையிற் பிரதிட்டை செய்யப்பட்டன. 1956ஆம் ஆண்டிலே மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க் முதலியோர் மலையடியிற் கடலினுள் மூழ்கிச் செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டனர். அடுத்த ஆண்டிற் கிளார்க் அதனை ஒரு நூலில் விவரித்தார். 1963ஆம் ஆண்டிலே புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இப்பொழுது உச்சியில் நின்று திரும்பி நோக்குவோம். ஒருபுறம் பின்குடா, ஒருபுறம் ஒல்லாந்தர் குடா, நடுவே நகரின் கூரைகள், அப்பால் உட்டுறைமுகம். 1942ஆம் ஆண்டு சித்திரையிலே யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த துறைமுகம் அது. இத்துறைமுகத்துக்காகவே பறங்கியரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இம்மலையில் மாறி மாறிக் கொடியேற்றினர். அக்கொடிகளுள் ஒன்றேனும் இன்று இல்லை. பீரங்கி காத்தவற்றுள் எஞ்சியது வெறும் மதில். காவலின்றி விடப்பட்ட வழிபாடோ, தானே தன்னைக் காத்துக்கொண்டது. அதனைக் காத்தவர் அரசரல்லர். ஒரு பூசகரும், வெள்ளிதோறும் மலையேறிய பெயரறியா ஏழை மக்களுமே.

ஆயினும் இதனைக் கொண்டு மன அமைதி கொள்ளுதல் போதாது. விக்கிரகங்களைப் புதைத்தவர் யாவர் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. புதைத்த இடத்தை அறிந்த கடைசி மனிதர் இறந்தபோது அவ்வறிவும் இறந்தது. மண்வெட்டி தற்செயலாக அவ்விடத்திற் படாதிருந்தால், அவை இன்றும் மண்ணினுள்ளேதான் இருந்திருக்கும். இது நமக்கு ஒரு பாடமன்றோ?

ஆகவே, நம் கல்லூரி மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. அடுத்த முறை கோணேசரைத் தரிசிக்கச் செல்லுங்கால் வாயிலிற் சற்று நில்லுங்கள். கயற்சின்னத்தைத் தேடிக் காணுங்கள். எழுத்துக்களை எழுத்தெழுத்தாக வாசிக்க முயலுங்கள். வீடு திரும்பியதும், உங்கள் பாட்டனும் பாட்டியும் அம்மலையைப்பற்றி அறிந்தவற்றைக் கேட்டு ஏட்டிலே குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறை தற்செயலை நம்பி இராதிருக்க நாம் செய்யக்கூடிய திருப்பணி அதுவே.