சூப்பர்சார்ஜர் பூட்டிய மெர்லின் விமான எஞ்சின்
ரோல்ஸ்-ராய்ஸ், பிரிட்டன் | 12 சிலிண்டர், 27 லிட்டர் | அமுக்க விகிதம் 6:1

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களை இயக்கிய எஞ்சின் இது. பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்று-எரிபொருள் கலவை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும், அதுவே 6:1. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இது 10:1ஐத் தாண்டும்.

விகிதம் கூடினால் அதே எரிபொருளில் கூடுதல் வேலை கிடைக்கும். பிறகு ஏன் இதில் குறைவு? எஞ்சினின் பின்புறம் உள்ள சூப்பர்சார்ஜரே காரணம். அது காற்றை முன்கூட்டியே அழுத்தி, சூடேற்றி உள்ளே தள்ளுகிறது. சிலிண்டரும் அதை மிகையாக இறுக்கினால், சுடர் வந்து சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். ‘நாக்கிங்’ எனப்படும் இது பிஸ்டனையே சிதைக்கக்கூடும். விகிதத்தைக் குறைத்தால் அதிகக் காற்றைத் திணிக்கலாம். சிக்கனத்தில் சிறிது இழந்தாலும் சக்தியில் பெரிதும் ஈட்டலாம்.

1940இல் 87 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதில் 100 ஆக்டேன் புழக்கத்துக்கு வந்தது. அது நாக்கிங்கை நன்கு தாங்கியதால், சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்த முடிந்தது. அமுக்க விகிதம் மாறவில்லை. ஆனால் மெர்லின் 3 என்ற வகையின் உச்ச சக்தி சுமார் 1,030 குதிரைத்திறனிலிருந்து 1,310ஆக ஏறியது.