குற்றால சீசன்: எப்போது போகலாம், எங்கே குளிக்கலாம்?

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, "அருவியில தண்ணி விழுதா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. மலையில் மழை பெய்தால் அருவி, இல்லையென்றால் வெறும் பாறை. அந்த மழையின் போக்கைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கிளம்பினால் அலைச்சலும் மிச்சம், ஆபத்தும் இல்லை.

சாரல் எப்படி வருகிறது?

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் நாட்களில், திருநெல்வேலிச் சீமையின் பெரும்பகுதி காய்ந்துதான் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை அந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறது. தென்காசி வட்டாரத்துக்கு மட்டும் ஒரு கொடுப்பினை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. அதன் வழியே புகுந்து வரும் ஈரக்காற்றுதான் சாரலாகத் தூறுகிறது. சற்று நேரம் தூறும், உடனே இளவெயில் அடிக்கும், மறுபடி தூறும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். சில வருஷம் செப்டம்பரிலும் நீளும். தண்ணீரும் சாரலும் சேர்ந்து கிடைக்க ஜூலை நல்ல மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகள் விழும். ஆனால் அது கனமழை, வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடும் நாட்கள் அதிகம். கார்த்திகை பிறந்தால் சபரிமலை போகும் ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். குற்றாலம் மலையடிவார ஊர். ஊட்டி, கொடைக்கானல் குளிரை எதிர்பார்த்து ஸ்வெட்டர் சுமக்க வேண்டாம். கூடுதலாக இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அருவியில் குளிப்பது?

சிற்றாறு மலைக்குள் தேனருவியாகவும், பிறகு செண்பகாதேவி அருவியாகவும் விழுந்து, கடைசியில் ஊருக்குள் பேரருவியாக இறங்குகிறது. மேலே உள்ள இரண்டும் காட்டுக்குள் இருப்பவை. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

பேரருவியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாகடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்து, பாறையில் பரவிக் கீழே வருகிறது. அந்தக் குழி மட்டும் இல்லையென்றால் அடியில் எவராலும் நிற்க முடியாது.

சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு ஐந்தருவி வசதி. தண்ணீர் பல கிளைகளாகப் பிரிந்து விழுவதால், ஒன்றில் வேகம் அதிகமென்றால் இன்னொன்றுக்கு நகர்ந்துகொள்ளலாம். பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி ஆகியவையும் உண்டு. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் அருவியில் கூடாது. இதே தண்ணீர்தான் வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

எப்போது வெளியேற வேண்டும்?

நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மலை உச்சியில் பேய்மழை பெய்துகொண்டிருக்கும். கீழே நிற்பவருக்கு அது தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. சீசன் தொடங்குமுன்னே, கோடை மழையில் நடந்தது அது.

தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலை, சுள்ளி, சிறு கல் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். போலீஸ் விசில் ஊதினால் "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்சாதீர்கள். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும்போது குளிக்கத் தடை போடுவது அனுபவத்தில் கண்ட எல்லை.

தண்ணீர் இல்லாத நாளில்?

பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை அருகில் தனியாக இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியம், நிதானமாகப் பார்க்க வேண்டியது. பண்பொழி திருமலைக்கோயிலில் ஏறி நின்றால் வயலும் மலையும் ஒருசேரத் தெரியும். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலில் ஏறுங்கள். 1904-இல் திறந்து, 2018-இல் அகலப் பாதையாக மீண்ட அந்த வழித்தடத்தில் பதின்மூன்று கண் பாலத்தைக் கடக்கலாம். வயிற்றுக்குப் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும்.

சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான், பஸ் அடிக்கடி உண்டு. சனி, ஞாயிறு நெரிசலைத் தவிர்த்து வாரநாளில் வாருங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். ஒரு நாள் தடை போட்டாலும் மறுநாள் கையில் இருந்தால், வெள்ளத்தில் இறங்கியே தீர வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் வராது.