மழைக்காலத்தில் மங்கும் கேமரா படங்கள்: கோளாறு எங்கே? வீட்டிலேயே கண்டறியும் வழிகள்

மும்பை: மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் டிஜிட்டல் கேமரா படங்கள் மங்குவதும், புள்ளி விழுவதும் பலர் எதிர்கொள்ளும் சிக்கல். இவற்றில் பெரும்பாலானவை கேமரா பழுதானதன் அறிகுறி அல்ல. எளிய சோதனைகள் மூலம் காரணத்தை அறியலாம். லென்ஸில் படரும் பூஞ்சையை மட்டும் தாமதமின்றிக் கவனிக்க வேண்டும்.

படம் முழுவதும் மங்கல்

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால், காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸ் மீது நீர்த்துளிகளாகப் படியும். காற்றுப் புகாத பையில் வைத்து வெளியே கொண்டுவந்து, சுமார் அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் இதைத் தவிர்க்கலாம். ஈரம் படிந்த நிலையில் லென்ஸைக் கழற்றக் கூடாது.

ஒரே இடத்தில் கரும்புள்ளி

செம்பூர் முருகன் கோயிலை வானத்துடன் சேர்த்து எடுக்கும்போது, எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் புள்ளி தெரிகிறதா? லென்ஸை மாற்றிய பிறகும் அது நீடித்தால், தூசு இருப்பது சென்சாரில். ரப்பர் ஊதுகுழலால் அதை அகற்றலாம். வாயால் ஊதுவதோ, துணியால் துடைப்பதோ கூடாது.

குறுக்கே பட்டைகள்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் விநாயகர் பந்தல் போன்ற இடங்களில் மின்விளக்கு ஒளியில் எடுக்கும் படங்களில் கருமையான பட்டைகள் விழக்கூடும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறையும்.

அசைந்த உருவங்கள்

தாராவி 90 அடி சாலைப் பகுதியில் விடியற்காலைப் பொங்கலைப் படமெடுப்போருக்கு ஒளிக்குறைவே சவால். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்துள்ளது. ஆட்கள் மட்டும் மங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை; அதனை உயர்த்தி, ஐஎஸ்ஓ அளவையும் கூட்ட வேண்டும். பின்னணி தெளிவாகவும் முகம் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியுள்ளது.

படங்கள் அழிந்துவிட்டால்

மெமரி கார்டில் படங்கள் தவறுதலாக அழிந்தால், அதில் மேலும் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. புதிய பதிவு மேலே எழுதப்படாத வரை, பழைய படங்களை மென்பொருள் உதவியுடன் மீட்க வாய்ப்புண்டு.

தள்ளிப்போடக் கூடாதது

லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் ஒளியைச் செலுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நாளடைவில் அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். அந்தத் தழும்பை எந்தத் துப்புரவாலும் நீக்க முடியாது. திருமணப் படங்களை நம்பிப் பிழைக்கும் சிறு புகைப்படக்காரருக்கு இது தொழில் முதலையே இழப்பதற்குச் சமம். எனவே பூஞ்சை தென்பட்டவுடன் அந்த லென்ஸைத் தனியே பிரித்து, பழுதுபார்ப்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

மற்ற லென்ஸ்களைத் தோல் பையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத டப்பாவில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைப்பது பாதுகாப்பானது. அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துவதும் பூஞ்சையைத் தடுக்க உதவும்.