ஒரே கோபுரத்தில் பல வானொலித் தடங்கள்: அலைவாங்கி இணைப்பமைப்பு குறித்த ஒரு விளக்கம்

விருதுநகர் மாவட்டத்தின் நாரணாபுரம் உள்ளிட்ட சிவகாசி வட்டாரம் பட்டாசுத் தொழிலை நம்பி வாழ்வது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் தொழிலாளர்களோடு, அங்குத் திரண்ட பிறரும் உயிரிழந்தனர். இத்தகு வேளைகளில் காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி, மாவட்ட நிர்வாகம் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் கம்பியில்லாக் கருவியில் பேச நேரும். அந்நான்கு தடங்களையும் ஒரே கோபுரத்தில் இயக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கல்

40 வாட் ஆற்றலை வெளியிடும் பரப்பியின் அருகிலேயே, 0.35 மைக்ரோவோல்ட் அளவிலான மெல்லிய குறிகையைக் கேட்கும் ஏற்பியும் இயங்கவேண்டும். இவற்றிடையேயான ஆற்றல் வேறுபாடு ஏறத்தாழ 162 டெசிபல் ஆகும். மேலும், இரு பரப்பிகளை நேரடியாக ஓர் அலைவாங்கியில் இணைத்தால், ஒன்றன் ஆற்றல் மற்றதனுள் புகுந்து புதிய அலைவெண்களைத் தோற்றுவிக்கும். சான்றாக, 160.0, 160.2 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கலந்து 159.8, 160.4 ஆகியவற்றைப் பிறப்பிக்கும். இவற்றுள் ஒன்று ஏற்பியின் அலைவெண்ணாக அமையின், உதவி கோரும் குரல் அதில் அமிழ்ந்துவிடும்.

பரப்பிப் பகுதி

ஒவ்வொரு பரப்பியின் ஆற்றலும் முதலில் ஐசோலேட்டர் வழியே செல்லும். இது ஒருதிசைப் போக்கினை மட்டும் அனுமதிப்பது. அடுத்து, தன் அலைவெண்ணுக்கு மட்டும் இசைவிக்கப்பட்ட கேவிட்டி வடிப்பானைக் கடந்து பொது அலைவாங்கியை அடையும். இழப்பு 2 டெசிபல் எனில், 40 வாட்டில் ஏறத்தாழ 25 வாட் எஞ்சும். தடங்கள் மிக நெருங்கியிருப்பின் கேவிட்டியால் பிரிக்க இயலாது. அந்நிலையில் பயன்படும் ஹைபிரிட் இணைப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் பாதி ஆற்றலை வெப்பமாக்கும். நான்கு தடங்களுக்கு இரு கட்டங்கள் தேவையாதலின் 10 வாட்டே எஞ்சும். எனவே, கருவிகளைத் தெரிவு செய்யுமுன் அலைவெண் இடைவெளியை முடிவு செய்தல் இன்றியமையாதது.

ஏற்பிப் பகுதி

கையடக்கக் கருவிகளின் ஆற்றல் குறைவாதலின், ஏற்பி அலைவாங்கி கோபுர உச்சியிலும் பரப்பி அலைவாங்கி அதற்குக் கீழும் அமைதல் நன்று. நெடுக்குவாக்கில் விடப்படும் இவ்விடைவெளியும் ஒரு தடுப்பாகிறது. பெற்ற குறிகை முதலில் வடிப்பானையும், பின்னர்க் குறையிரைச்சல் பெருக்கியையும், இறுதியில் நான்குவழிப் பிரிப்பியையும் கடக்கும். பிரிப்பியால் நேரும் 6 டெசிபல் இழப்பைப் பெருக்கி ஈடுசெய்யும். இவ்வரிசையை மாற்றிப் பெருக்கியை முன்வைத்தால், அருகிலுள்ள பரப்பிகளின் ஆற்றலால் அது திணறும்.

முடிவுரை

இணைப்பமைப்பின் வெற்றி, அலைகளை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலக்கி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எனினும், பொது அலைவாங்கியோ அதன் வடமோ பழுதுற்றால் நான்கு துறைகளும் ஒருசேர ஊமையாகும். ஆதலின், தனி அலைவாங்கியும் மின்கலமும் கொண்ட ஒரு மாற்றுத் தடத்தை இவ்வமைப்பிற்கு வெளியே வைத்திருத்தல், வெடிவிபத்து நேரக்கூடிய வட்டாரங்களில் வடிவமைப்பின் ஒரு கூறாகவே கொள்ளத்தக்கது.