ஐந்து மீட்டருக்கு ஒன்று, ஐந்நூறு மீட்டருக்கு வேறொன்று

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் பெற்றோர் மருத்துவரிடம் முதலில் கேட்பது, குழந்தை நடக்குமா என்பதே. எங்கே, எவ்வளவு தூரம், எதைப் பிடித்துக்கொண்டு என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அக்கேள்விக்குப் பயனுள்ள விடை கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள ராயல் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் கெர் கிரஹாமும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட அளவுகோல், வீட்டுக்குள் 5 மீட்டர், பள்ளியில் 50 மீட்டர், கடைத்தெரு போன்ற வெளியிடங்களில் 500 மீட்டர் என மூன்று தூரங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் குழந்தை எவ்வாறு கடக்கிறது என்று தனித்தனியே பதிகிறது. ஒரே குழந்தை வீட்டில் தவழ்ந்தும், வகுப்பறைகளுக்கிடையே வாக்கரைப் பிடித்தும், கடைத்தெருவில் சக்கர நாற்காலியிலும் செல்லலாம். இம்மூன்றில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று அந்த அளவுகோலைப் படிப்பது தவறு.

மூளை முடக்குவாதம் என்பது, கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் உடலசைவும் உடலை நிலையாக வைத்திருக்கும் கட்டுப்பாடும் குறைவதாகும். மூளையிலுள்ள அந்தப் பாதிப்பு வளர்வதில்லை. ஆனால் இறுகிய தசைகள் எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூட்டுகளை மடக்கிவிடுவதால், குழந்தை வளர வளர உடல்நிலை மாறிக்கொண்டே இருக்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் வகுத்த ஐந்து நிலைகளுள், முதல் நிலைக் குழந்தை துணையின்றி நடக்கும், மூன்றாம் நிலைக் குழந்தை கையால் பிடிக்கும் கருவியுடன் நடக்கும், ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிமிர்த்தி வைப்பதே கடினம். அதே குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பெரும் உடலசைவுத் திறனில் எட்டக்கூடியதன் பெரும்பகுதியைக் குழந்தைகள் ஏறத்தாழ ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகின்றனர் என்றும், கடுமையான பாதிப்புள்ளோர் அதற்கும் முன்பே எட்டுகின்றனர் என்றும் காட்டியது.

சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் குழந்தை சோம்பேறியாகிவிடும், நடக்கும் வரை காத்திருப்போம் என்று சொல்லும் குடும்பங்கள் இந்த ஆண்டுகளைத்தான் இழக்கின்றன. தானாக நகர்வதற்கும் பிறர் தூக்கிச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை, ஹெல்ட், ஹைன் என்னும் ஆய்வாளர்கள் 1963-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை விளக்கியது. சுழலும் கம்பத்தின் ஒரு முனையில் தானே நடக்கும் பூனைக்குட்டியும் மறுமுனையில் சிறு தொட்டிலில் அமர்ந்து சுற்றும் பூனைக்குட்டியும் ஒரே காட்சியைக் கண்டபோதிலும், ஆழத்தைக் கண்டறிந்து விலகும் திறன் தானே நடந்த குட்டிக்கு மட்டுமே உரிய காலத்தில் வாய்த்தது. பூனையிலிருந்து குழந்தைக்கு நேராகத் தாவிவிட முடியாது என்றாலும், இடுப்பிலேயே வளரும் குழந்தை தன் விருப்பப்படி ஒரு பொம்மையை நோக்கிப் போவதில்லை என்பதைக் காணச் சோதனைக்கூடம் தேவையில்லை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல் காலோவே, கடையில் விற்கும் பேட்டரிப் பொம்மைக் காரின் மிதியை நீக்கி, கையால் அழுத்தும் பெரிய பொத்தானைப் பொருத்தி, நடக்கவியலாத சிறு குழந்தைகளை ஓட்டவிட்டது, குழந்தை தானே நகர வேண்டும் என்ற இந்த எண்ணத்தின் அடிப்படையில்தான்.

கருவி வாங்குவதில் பிழை மிகுதியாக நேர்வது வாக்கர் விஷயத்தில். நடுவே துணி இருக்கையுடன் வட்டமாக வரும் குழந்தை வாக்கர், மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு உதவுவதற்கு மாறாகக் கெடுதலே செய்கிறது. இருக்கையில் தொங்கியபடி முன்பாதத்தால் தரையை உந்துவதால், ஏற்கெனவே இறுகியிருக்கும் கெண்டைக்கால் தசை மேலும் இறுகுவதற்கு அது வழிவகுக்கிறது. விபத்து அபாயம் கருதிக் கனடா அதன் விற்பனையை 2004-இல் எல்லாக் குழந்தைகளுக்குமே தடை செய்தது. நம் மர நடைவண்டி போல முன்னால் தள்ளிச் செல்லும் வாக்கரிலும் ஒரு சிக்கல் உண்டு: வண்டி முந்திக்கொள்ள, குழந்தை இடுப்பை மடித்து அதன்மேல் சாய்ந்துவிடுகிறது. இதற்கு மாற்றாகப் பலருக்கும் பரிந்துரைக்கப்படுவது, சட்டம் குழந்தையின் முதுகுப்புறம் வரும் பின்வாக்கர். கைப்பிடிகள் உடலின் இருபுறமும் இடுப்பளவில் இருப்பதால் முதுகு நிமிர்கிறது, முன்பக்கம் திறந்திருப்பதால் மேசை வரை போய்ப் பொருளை எடுக்க முடிகிறது, பின்சக்கரங்கள் பின்னோக்கி உருளாதவாறு தடுக்கப்பட்டிருப்பதால் சாய்ந்து நின்று இளைப்பாறவும் இயல்கிறது. சிமெண்டுத் தரையில் சீராக ஓடும் அதன் சிறு சக்கரங்கள் மணலிலும் சரளையிலும் புதைந்துவிடும் என்பதை மட்டும் வாங்குமுன் நினைவில் கொள்ள வேண்டும்.

வாக்கரோடு பெரும்பாலும் சேர்ந்தே வருவது, சிகிச்சை மையங்களில் ஏ.எஃப்.ஓ. எனப்படும் கணுக்கால் பாதத் தாங்கி. காலை மாவுக்கட்டால் அச்செடுத்து, அந்த அச்சின்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் படியவைத்துச் செய்யப்படும் இது, குதிகாலைத் தரையில் பதியவைத்து முன்பாதத்தில் நடப்பதைத் தடுக்கிறது. பருத்திக் காலுறையின்மேல் அணிவித்து, கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த தடம் அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் தாங்கியைச் செய்தவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்வதே முறை. வலிக்கும் தாங்கி விரைவில் பரணுக்குப் போய்விடும்.

வளர்ந்த பின்னும் உதவட்டும் என்று பெரிய அளவாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குப் பொருந்தலாம், சக்கர நாற்காலிக்குப் பொருந்தாது. மடக்கு நாற்காலியின் தொய்ந்த ரெக்சின் இருக்கையில் இடுப்பு ஒருபுறம் சரிய, முதுகெலும்பும் அதோடு வளைகிறது. கடுமையான பாதிப்புள்ள குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு நழுவும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. உறுதியான இருக்கை, பக்கத் தாங்கிகள், தொடைகளைப் பிரித்து வைக்கும் தடுப்பு, பாதங்கள் முழுமையாகப் படியும் பலகை ஆகியவை கொண்ட சிறப்பு நாற்காலியைத் தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்கென வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். நாற்காலி கைக்கு வந்ததும் குழந்தையை அதில் உட்கார வைத்து, இடுப்பு இருக்கையின் பின்பக்கம் வரை போகிறதா, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா, பாதம் தொங்காமல் பலகையில் படிகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் முன்னிலையிலேயே பார்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவற்றை மறுபடியும் அளந்துகொள்ள வேண்டும்.